கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா: வேலூர்க்காரர்களுக்கு எந்த பி.ஆர். பொருந்தும்?

காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் கன்சல்டன்சிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) சீக்கிரம் கிடைக்கும்?" என்பதுதான். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கிடைத்த பி.ஆர். எதனால் கைவிட்டுப் போகும், அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்து தங்கும் நாட்களை அந்த நாடு எப்படி எண்ணும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று நாடுகளின் வரிசையே மாறிவிடும்.

கனடா

விமானம் ஏறும்போதே பி.ஆர். கையில் இருக்கும் வாய்ப்பு இங்கே உண்டு. அதனால்தான் இவ்வளவு மவுசு. திறன் பணியாளர்களுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 100-க்கு 67 எடுத்தால் உள்ளே நுழையத் தகுதி மட்டும்தான் கிடைக்கும். அழைப்பு வருவது சி.ஆர்.எஸ். என்ற வேறொரு மதிப்பெண்ணைப் பொறுத்தது. கன்சல்டன்சிகள் பலமுறை 67-ஐ மட்டும் காட்டிப் பணம் வாங்கிவிடுகிறார்கள். தனியாக விண்ணப்பிப்பவருக்கு வயதுக்கென்று 29 வரை 110 புள்ளி. அதன்பின் வருடத்துக்கு 5, 6 என்று குறைந்து, 40 வயதில் 50-க்கு வந்து நிற்கும். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால்தான் புள்ளி சட்டென்று ஏறும். நம்மவர்கள் பெரும்பாலும் விடுவது ரைட்டிங்கில், 6.5-இல்.

2025 முதல் வேலை ஆஃபருக்குப் புள்ளி கிடையாது. அந்த வருடம் பெரும்பாலான அழைப்புகள் கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள், மாகாண நியமனம் பெற்றவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், மருத்துவத் துறையினர் பக்கம் போயின. வி.ஐ.டி.யில் படித்துவிட்டு இங்கிருந்தே விண்ணப்பிக்கும் ஐ.டி.காரரைவிட, ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு இன்று அங்கே கதவு அகலம்.

அங்கே போய்க் குடியேறும் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய செட்டில்மென்ட் பணத்தில் சிக்குகிறவர்கள் அதிகம். மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கடைசி வாரத்தில் கணக்கில் போட்டால் செல்லாது; ஆறு மாதச் சராசரி இருப்பைக் கேட்பார்கள்.

பி.ஆர். நிலைக்க 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1,095 நாள். பி.ஆருக்கு முன் படித்தோ வேலை செய்தோ இருந்த நாட்கள் பாதியாக, அதிகபட்சம் 365 நாள் வரை சேரும். வருடத்துக்கு இரண்டு மாதம் ஊரில் இருந்தாலும் எதுவும் கெடாது; குடியுரிமை கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெற்றோருக்கு வைத்தியம் பார்க்க அடிக்கடி வர வேண்டியவர்களுக்கு மூன்றில் இந்தக் கணக்குதான் இளக்கமானது.

ஜெர்மனி

இங்கே முதலில் வேலை, பிறகுதான் பி.ஆர். ஆனால் பாதை தெளிவாகத் தெரியும். ப்ளூ கார்டில் (உயர்தகுதிப் பணியாளர்களுக்கான அனுமதி) இருப்பவர் பி1 ஜெர்மன் மொழித் தேர்வு முடித்திருந்தால் 21 மாதத்தில், தொடக்க நிலையான ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். மற்ற தகுதிபெற்ற பணியாளர்களுக்கு 36 மாதம். இந்த மாதங்களுக்குப் பென்ஷன் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

நர்ஸுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில அதிகாரிகள் படிப்பை முழுதாக அங்கீகரிக்கும் வரை அங்கீகார விசாவில்தான் இருப்பீர்கள். அந்தக் காலம் 36 மாதத்தில் சேராது. பி1-க்கு அடுத்த நிலையான பி2 மொழித் தேர்வு இழுத்தடித்தால் பி.ஆரும் அதே அளவு இழுக்கும். வேலூரிலேயே பி2 முடித்துவிட்டுப் போவதுதான் நல்லது. அங்கே போய் ஷிப்ட் முடிந்து வகுப்புக்கு உட்காருவது பெரும்பாடு.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் டிப்ளமாவும் அனுபவமும் உள்ளவர்களுக்கு, அனுபவத்தை வைத்தே போகும் விசாவும் உண்டு. அதில் போனால் 36 மாதச் சலுகை இல்லை, 5 வருடம் ஆகும். கையெழுத்துப் போடும் முன் எந்த விசா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடியுரிமைக்கு 5 வருடம், பி1, 33 கேள்வியில் 17 சரியாக எழுத வேண்டிய தேர்வு, கட்டணம் 255 யூரோ. மூன்றே வருடத்தில் தருவார்கள் என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. அந்த வழியை 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். பி.ஆர். வாங்கிய பின் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகவே காலாவதியாகிவிடும். மூன்று நாடுகளில் இதுதான் கடுமையான விதி.

ஆஸ்திரேலியா

45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளி. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி; மாநில நியமனமான 190 விசாவுக்கு 5 கூடும், வட்டாரப் பகுதிக்கான 491 விசாவுக்கு 15 கூடும். 491-இல் போனால் மூன்று வருடம் அங்கே இருந்த பிறகுதான் 191 விசா வழியாக பி.ஆர். இன்ஜினியர்கள் படித்த காலத்தில் அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று பணிக் கட்டுரைகள் எழுத வேண்டும். அவற்றை இன்னொருவரிடமிருந்து நகலெடுத்தால் நிராகரிப்போடு தடையும் விழும்.

குடியுரிமைக்கு 4 வருடம், அதில் கடைசி 12 மாதம் பி.ஆராக. நான்கு வருடத்தில் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கடைசி வருடத்தில் 90 நாள்தான் அனுமதி. பி.ஆர். கிடைத்தாலும் பயண அனுமதி 5 வருடத்துக்கே. அது முடிந்த பின் ஊருக்கு வந்தால், திரும்பிப் போக 155 விசா வேண்டும்.

அமெரிக்காவில் இந்தியர்களுக்கான வரிசை மிக நீளம், பி.ஆருக்காக மட்டும் போகிற இடமல்ல. வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் இந்தப் பாதை கிடையாது. மேல்விஷாரம், வாணியம்பாடியிலிருந்து போகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

காகிதத்தில் மாட்டுவது

நாடு எதுவானாலும் தடுக்கி விழுவது நம் பெயரிலும் ஊரிலும்தான். பிறப்புச் சான்றில் வட ஆற்காடு மாவட்டம், பள்ளிச் சான்றில் வேலூர், ஆதாரில் ராணிப்பேட்டை. 1989-லும் 2019-லும் மாவட்டம் பிரிந்தது வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. ஒரு பக்க விளக்கக் கடிதத்தோடு அரசாணை நகலையும் வையுங்கள்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் கனடா உங்கள் பெயரையே சர்நேமாக எடுத்துக்கொள்ளும். மனைவி, பிள்ளைகளின் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்பா பெயரைச் சர்நேமாக விரித்து, ஐ.இ.எல்.டி.எஸ். பதிவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள். பிறப்பே பதியாதவர்களுக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு தேவை, அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

2002-க்கு முன் ஊரீசு கல்லூரி மாதிரி இங்குள்ள கலைக் கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்டுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு அலைய வேண்டாம்; சென்னைப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும். ஜெர்மனிக்கு மட்டும் வெளிநாட்டில் சான்றிதழ்கள் செல்லுவதற்காக நம் அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை பயன்படாது, ஏனெனில் இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. பிறப்பு, திருமணச் சான்றுகளைத் தூதரகம் வழியாக ஊரிலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பி.ஆரோடு நிற்பதா, குடியுரிமையும் வாங்குவதா?

2024-இல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது உண்மை. இந்தியா அனுமதிக்கவில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதில் பயணம் செய்தால் அபராதம். பிறகு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை. அதில் ஓட்டு இல்லை. 2021 மார்ச் 4-க்குப் பிறகு ஓ.சி.ஐ. ஆன பிள்ளைகள் நீட் எழுதினாலும் என்.ஆர்.ஐ. இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். பிள்ளை இங்கே வந்து மருத்துவம் படிக்கட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்; பிள்ளையை மட்டும் இந்தியக் குடிமகனாகவே வைத்திருப்பவர்களும் உண்டு.

நிலம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் இருக்கும் வரை குடியாத்தத்திலோ ஆரணியிலோ விவசாய நிலம் வாங்கலாம் என்கிறார்கள். வெளிநாட்டில் வசிக்கும் என்.ஆர்.ஐ.யும் ஓ.சி.ஐ.யும் இதில் ஒன்றுதான்: இருவருமே வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்திருக்கலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும்தான். பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் எல்லாவற்றையும் பாஸ்போர்ட் மாறுவதற்கு முன்பே, பழைய பெயரும் ஆதாரும் கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.