ரத்தத்தில் ஓடவிடுவதா, கட்டியிலேயே உறையவிடுவதா?

ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் நானோ மருந்தில் (மிக நுண்ணிய துகள்களில் அடைத்த மருந்து) எவ்வளவு புற்றுநோய்க் கட்டிக்குள் போய்ச் சேர்கிறது? பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் திரட்டி டொரொண்டோ பல்கலைக்கழகக் குழு 2016-இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. நடுமதிப்பு வெறும் 0.7 சதவீதம். கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்காக இந்த வழியைத் தள்ளிவிட முடியாது. டாக்ஸோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்சில், 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு வரும் கேட்டை அது குறைத்தது. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் சிவந்து உரிவது அதற்குக் கொடுக்கும் விலை.

கட்டி இருந்த இடத்திலேயே மருந்தை வைப்பது இன்னொரு வழி. மூளைக்கட்டியை எடுத்த குழியில் வைக்கும் கிளியாடல் வில்லை 1996-இல் வந்தது. ஒவ்வொன்றிலும் 7.7 மில்லிகிராம் கார்மஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, எட்டு வில்லை வரை வைக்கலாம். ஆனால் மண்டையோட்டைத் திறந்தால்தான் வைக்க முடியும்.

ஊசியால் ஏற்றும் ஹைட்ரோஜெல்லுக்கு (நீரைப் பிடித்துவைக்கும் கூழ்) அந்தத் திறப்பு வேண்டாம். நெய் சூட்டில் உருகும். பொலாக்ஸமர் என்ற பாலிமரால் ஆன ஜெல் அதற்கு நேர் எதிர். ஐஸில் வைத்த குப்பியில் தண்ணீராக ஓடும், உடல் சூடு பட்டதும் உறைந்துவிடும். இதே தன்மையுள்ள ஜெல்லில் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கலந்த ஜெல்மைட்டோ, சிறுநீரகக் குழிவிலும் சிறுநீர்க்குழாயிலும் வரும் தீவிரம் குறைந்த புற்றுநோய்க்கு 2020-இல் அனுமதி பெற்றது. ஆய்வில் 71 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி முழுதாக மறைந்தது. சிறுநீர்க்குழாய் சுருங்கிப்போவது இதன் பெரிய தொல்லை.

இந்த ஜெல்லில் நானோதுகளையும் சேர்த்தால்தான் கூட்டுச்சிகிச்சை. மருந்தோடு தங்க நானோ தண்டுகளைக் கலந்து ஏற்றி, அகச்சிவப்பு ஒளியைக் காட்டினால் தண்டுகள் சூடாகும். சூட்டில் புற்றணுக்கள் தளரும், அந்த நேரத்தில் மருந்தும் கசியும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் நடப்பதுதான் இதன் உண்மையான பலம். தனித்தனியாக ரத்தத்தில் ஏற்றினால் அந்தப் பொருத்தம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த ஒளி உடலுக்குள் ஓரிரு சென்டிமீட்டர்தான் போகும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு, காந்தப்புலத்தில் சூடேறும் இரும்பு ஆக்சைடு துகளே பொருத்தம் என்பது என் கருத்து.

இந்தக் கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் இன்னும் எலிகளில்தான் நடக்கின்றன. பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய ஆன்கோஜெல் என்ற ஜெல்லை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் கீமோ, கதிர்வீச்சுச் சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்தபோது கூடுதல் பலன் தரவில்லை. இத்தகைய ஆய்வு எது வந்தாலும் முதல் நாளிலேயே ஜெல்லிலிருந்து எவ்வளவு மருந்து கொட்டிவிடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பொலாக்ஸமர் சில நாளில் கரைந்துவிடும்; பிஎல்ஜிஏ என்ற, உடலில் மெல்லக் கரையும் பாலிமர் கலந்த ஜெல் வாரக்கணக்கில் தாங்கும்.

ஊசி எட்டும் ஒற்றைக் கட்டி என்றால் என் ஓட்டு ஜெல்லுக்குத்தான். எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிய நோயை ஓரிடத்தில் உறையும் ஜெல்லால் துரத்த முடியாது. அங்கே ரத்தக்குழாய் வழிதான்.