எக்ஸ்எல், எலெக்ட்ரிக் வண்டி, கூரை சோலார்: மூன்று ஏக்கர் வீட்டுக்கு எது முதலில்?

போன சித்திரையில் சோலார் விற்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மூன்று கிலோவாட், இரண்டு லட்சத்துச் சொச்சம், மானியம் 78,000, அதன்பின் கரண்ட் பில் பூஜ்யம் என்று தாளில் எழுதிக் காட்டினார். அப்பத்தா திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டது ஒரே கேள்விதான். "இப்ப எவ்வளவுடா கட்டுறோம்?"

இரண்டு மாதத்துக்கு 280 யூனிட். 600 ரூபாய்ச் சொச்சம்.

"அறுநூறை மிச்சம் பிடிக்க லட்சக்கணக்குல போடணுமா?" என்று கேட்டுவிட்டு அப்பத்தா உள்ளே போய்விட்டது. வந்தவரும் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்று ராத்திரி நான் ஒரு பழைய டைரியை எடுத்து, இரண்டு மாதத்தில் வீட்டிலிருந்து எரிபொருளுக்கு என்று எவ்வளவு வெளியே போகிறது என எழுதினேன். கரண்ட் 600. கேஸ் 1,200-ஐ ஒட்டி. டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட்டுக்குப் பெட்ரோல் 3,600. அதாவது, ஒன்பதில் ஒரு பங்காக இருக்கிற செலவைக் குறைக்கத்தான் எல்லோரும் முதலில் கதவைத் தட்டுகிறார்கள்.

எங்களுக்குக் குன்றக்குடிப் பக்கம் மூன்று ஏக்கர். இரண்டு கண்மாய்ப் பாசனம், ஒன்று மானாவாரிக் கடலை. வீட்டில் ஆறு பேர், இரண்டு மாடு. நான் தினமும் பாலை ஊற்றிவிட்டுக் காரைக்குடி வேலைக்குப் போய்த் திரும்புகிறேன், 30 கிலோமீட்டர். இதே மாதிரி வீடுகள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களிலும் நிறைய. அந்தக் கணக்கில்தான் கீழே உள்ளதெல்லாம். நான் விசாரித்த நேரத்து விலைகள் இவை.

எக்ஸ்எல்லா, எலெக்ட்ரிக்கா?

எக்ஸ்எல்லைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முன்னால் ஒரு யூரியா மூட்டை, பின் சீட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்று, ஹேண்டிலில் தூக்குவாளி. கண்மாய்க் கரையில், நெருஞ்சி முள் நடுவே, வரத்துக் கால்வாயில் கணுக்கால் தண்ணீரில் எல்லாம் போகும். கெட்டுப்போனால் எந்த ஊர் முக்கிலும் ஒருவர் ஸ்பேனரோடு இருப்பார். விலை 60,000 ரூபாய்க்குள். லிட்டருக்குக் கம்பெனிக்காரர் என்ன சொன்னாலும், சுமையோடு ஓட்டினால் கைக்குக் கிடைப்பது 50 கிலோமீட்டர்தான்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நல்லதாகப் பார்த்தால் லட்சத்தை ஒட்டி. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமே இவற்றைச் செய்கிறார்கள், தூரத்துச் சரக்கு இல்லை. 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, மூன்றரை யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு மாதத்துக்கு 1,800 கிலோமீட்டர், அதாவது 63 யூனிட். கரண்ட் பில்லில் 300 ரூபாய் கூடும், பெட்ரோலில் 3,600 குறையும். வருடத்துக்கு 20,000 மிச்சம். இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும்.

இதே கணக்கைப் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்குப் போட்டேன். அவர் வயலுக்கும் டீக்கடைக்குமாக ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிது. அவருக்கு வருடத்துக்கு 7,000 கூட மிஞ்சாது. முதல் திரும்ப ஏழு வருடமாகும். அதற்குள் பேட்டரி மாற்றும் செலவு வந்து நிற்கும். அவரிடம் எக்ஸ்எல்லையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நான் எப்ப மாத்துறேன்னு சொன்னேன்?" என்றார்.

பேட்டரி விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன். சில வருடம் முன்பு, லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்ற ஆசையில் ஒரு மெதுவண்டி வாங்கினேன். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் சட்டப்படி இரண்டுமே தேவையில்லை. விலை 52,000. உள்ளே இருந்தது லெட் ஆசிட் பேட்டரி. முதல் தீபாவளிக்கு 50 கிலோமீட்டர் ஓடியது, அடுத்த தீபாவளிக்கு 18. ஒருநாள் சாயங்காலம் குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரிகிறது, கோபுர விளக்கு தெரிகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பால் கேனோடு தள்ளிக்கொண்டு வந்தேன். விற்ற கடைக்குப் போனால் அங்கே செல்போன் கவர் தொங்குகிறது. பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் யாருமில்லை.

அதனால் இந்த முறை நான் கேட்டவை வேறு. லித்தியம்தானா? லித்தியத்திலும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா? எல்.எஃப்.பி. கொஞ்சம் கனம்தான், ஆனால் வெயிலையும் தினசரி சார்ஜையும் மற்ற வகையைவிட நன்றாகத் தாங்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலுக்கு அது முக்கியம். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் அரைமணி ஆறவிட வேண்டும். வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எந்த அளவுக்கு இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்று தாளில் எழுதி வாங்க வேண்டும். சர்வீஸ் காரைக்குடியிலேயே உண்டா, மதுரைக்குத் தூக்க வேண்டுமா? மதுரை என்றால் வாங்காதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் தினமும் போகிறேன். ஆனால் என் வண்டியின் பேட்டரியைப் பிரித்துப் பார்க்க ஊரில் ஒரு மெக்கானிக் கிடைக்கவில்லை.

கடைசியில் எலெக்ட்ரிக் வாங்கினேன். எக்ஸ்எல்லை விற்கவில்லை. மூட்டை, புல்லுக்கட்டு, மருந்தடிக்கும் டேங்க் எல்லாம் எக்ஸ்எல்லுக்கு. தார் ரோடு எலெக்ட்ரிக்குக்கு. புது ஸ்கூட்டரின் கால்பலகையில் மூட்டையை வைத்தால் இரண்டு காலையும் விரித்துக்கொண்டு ஓட்ட வேண்டும், பார்ப்பதற்கும் நன்றாயிருக்காது. எக்ஸ்எல் பழைய வண்டி. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது, மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு லிட்டர் என்பதால் கவலையில்லை.

எத்தனால் என்றதும் காட்டாமணக்கு ஞாபகம் வருகிறது. 2000-களில் பயோடீசல் என்று சொல்லி வரப்பெல்லாம் நட வைத்தார்கள். அப்பா அரை ஏக்கர் நட்டார். விதை வாங்க ஆள் வரவில்லை, ஆடும் கடிக்காது. பசுமை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அப்பா கண்ணைச் சுருக்குவது அன்றிலிருந்துதான்.

கார் பற்றி இரண்டு வரி போதும். புது மின்சாரக் கார் எட்டு லட்சத்தை ஒட்டி வருகிறது, பழைய பெட்ரோல் கார் மூன்று லட்சத்துக்குக் கிடைக்கும். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டில் மின்சாரக் காரால் 25,000 மிஞ்சும், கூடுதலாகப் போட்ட ஐந்து லட்சத்துக்கு வட்டியே அதைத் தாண்டும். எங்களுக்கு இரண்டுமே வேண்டாம் என்று ஆயிற்று. கல்யாணம், ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டி. அம்மா காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் போகிறார். 2021-லிருந்து பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வாகனத்திலும் மலிவானது அதுதான், விளம்பரம்தான் கிடையாது.

அடுப்படி: கேஸ், இண்டக்‌ஷன், சாண எரிவாயு

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 120 யூனிட்டில் செய்துவிடும். கேஸ் அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்துக்கு வெளியே போகிறது, இதில் போவது கொஞ்சம். சிலிண்டர் 900-ஐ ஒட்டி இருக்க, யூனிட் ஐந்து ரூபாய்க்குக் கீழே இருந்தால் இண்டக்‌ஷன் 300 ரூபாய் மலிவு. உஜ்வலா இணைப்பில் 300 ரூபாய் மானியம் வருகிற வீடு என்றால் இந்த லாபம் அப்படியே காணாமல் போகும். அவர்கள் கேஸிலேயே இருக்கலாம்.

எங்கள் வீட்டில் சிக்கல் வேறு. பணியாரச் சட்டி, கல்சட்டி, அடி உருண்ட இருப்புச் சட்டி ஒன்றும் இண்டக்‌ஷனில் உட்காராது. அம்மா சோறு, பால், வெந்நீர் மூன்றுக்கு மட்டும் சம்மதித்தார். குழம்பு கேஸில்தான். விசேஷம் என்றால் கொல்லையில் சீமைக்கருவேல விறகு, அதற்கு இங்கே பஞ்சமே கிடையாது.

சாண எரிவாயு பள்ளத்தூர் மச்சான் வீட்டில் அருமையாக ஓடுகிறது. இரண்டு கன மீட்டர் கலன், தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். நான்கைந்து பேருக்குச் சமையல் முடிந்துவிடும். கழிவு நேராக வயலுக்கு. "சிலிண்டர் புக் பண்ணி ஒரு வருஷமாச்சு மாப்ள" என்று போகும்போதெல்லாம் சொல்வார். ஆனால் அவருடையது கட்டுத்தறியில் தீனி போடுகிற ஐந்து கலப்பின மாடு. எங்களுடையது இரண்டு நாட்டு மாடு, பகலெல்லாம் தரிசில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் வரும். காலையில் கூட்டி அள்ளினால் பத்துப் பன்னிரண்டு கிலோ. அந்தச் சாணத்துக்குக் கலன் கட்டினால் காபி போடலாம். மாடு கட்டுத்தறியில் நிற்கிற வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன், மேய்ச்சல் மாட்டு வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

வயல் மோட்டார்: இலவச இணைப்பு, டீசல், சோலார்

விவசாய இலவச மின்சாரம் உள்ள கிணறு என்றால் யோசிக்க வேண்டியதில்லை. இணைப்பு இல்லாதவருக்குத்தான் டீசலா சோலாரா என்ற கேள்வி. சோலார் பம்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியம் உண்டு. மானியம் போக ஐந்து எச்.பி.க்கு லட்சத்தைத் தாண்டிக் கையிலிருந்து போடவேண்டும். ஐந்து எச்.பி. டீசல் என்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். தை மாதம் கண்மாய் வற்றும்போது பயிரைக் காப்பாற்ற மட்டும் 100 மணி நேரம் ஓட்டுகிற ஒருபோக விவசாயிக்கு அது 10,000 ரூபாய்க்குள். அவருக்குச் சோலார் ஆகாது. தென்னை, காய்கறி, மல்லிகை என்று வருடம் பூராவும் தண்ணீர் கட்டுகிறவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் ஆகிவிடும். ராத்திரி மோட்டார் போட டார்ச்சோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கவும் வேண்டாம்.

மறுபடி கூரை

இப்போது அப்பத்தாவின் கேள்விக்கு விடை மாறுகிறது. பழைய 280 யூனிட்டோடு ஸ்கூட்டருக்கு 63. அம்மா மனது மாறி முழுச் சமையலும் இண்டக்‌ஷனுக்கு வந்தால் இன்னொரு 150. மொத்தம் 493. பில் 1,750-ஐத் தாண்டும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 500-ஐத் தாண்டியதும் மேலே ஓடிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் என்பதோடு, 101-லிருந்து 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடும். பத்து யூனிட் கூட ஓடினால் 300 ரூபாய் கூடுதல். வைகாசியில் இரண்டு ஃபேன் ராத்திரி பூரா ஓடினால் அதில் விழுவது நிச்சயம்.

அப்படி ஆன வீட்டுக்கு இரண்டு கிலோவாட் சோலார் பொருந்தும். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நான்கு யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 480. மத்திய அரசின் சூரிய வீடு (பிஎம் சூர்ய கர்) திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். என் கையிலிருந்து 70,000 போனால் ஆறேழு வருடத்தில் திரும்பும். பலகைகள் 25 வருடம் தாங்கும், இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் என்பதை விற்கிறவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மின்தடைக்கும் வேண்டும் என்றால் பேட்டரியோடு வேறு வகை, விலையும் வேறு.

நம் ஊர் வீட்டில் இன்னும் இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று, நாட்டு ஓடு. ஓட்டுக் கூரையில் ஆள் ஏறினாலே உடையும், பலகையை எங்கே பூட்டுவது? நாங்கள் மாட்டுக்கொட்டகைக்கு மேல் இரும்புச் சட்டம் போட இடம் பார்த்து வைத்திருக்கிறோம். 200 சதுர அடி வேண்டும், தென்னை நிழல் விழக்கூடாது. செம்மண் தூசியும் மயில் எச்சமும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். அதுவும் போர் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும்.

இரண்டாவது முட்டுக்கட்டைக்குச் சட்டம் போட முடியாது. வீட்டு மின் இணைப்பு இன்னும் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பெயரில் இருக்கிறது. ஐயா போய்ப் பதினோரு வருடம். பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழும் மற்றப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும். நான்கில் மூன்று வாங்கிவிட்டேன். நான்காமவர், பெரியப்பா மகன், சிங்கப்பூரில். பங்குனி உத்திரத்துக்கு வருவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். அதுவரை எலெக்ட்ரிக் வண்டி மின்வாரியக் கரண்டிலேயே சார்ஜ் ஏறுகிறது, மாட்டுக்கொட்டகை மேல் மயில்தான் உட்கார்ந்திருக்கிறது.