புறாமலைக்குக் ‘குழுப் பெர்மிட்’ எடுத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் இருப்பவர்களும், விடுமுறைக்குக் குழுவாக இங்கே வர நினைப்பவர்களும் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 38 பேருக்கு, தலைக்கு 750 ரூபாய் வாங்கி, இல்லாத ஒரு பெர்மிட்டை எங்களுக்கு விற்றுவிட்டார் ஒருவர். மொத்தம் 28,500 ரூபாய். வீடு வீடாகச் சேர்த்துக் கொடுத்தது நான்தான். அதனால் எழுதுவதும் நானாகவே இருக்கட்டும்.

நாங்கள் டச் பே கடற்கரையில் விடியற்காலையில் நடக்கிற கூட்டம். பாதிப் பேர் பென்சன்காரர். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்திருந்தார்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற சின்னத் தீவான புறாமலைக்குப் போவோம், பின்னேரம் நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சின்னதாக விளையாட்டுப் போட்டி வைப்போம் என்று கதை வந்தது. யாரோ ஒருவரின் மருமகனுக்குத் தெரிந்த தம்பி என்று ஒருவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். நல்ல பணிவு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“அன்ரி, முந்தி மாதிரி இல்லை. இப்ப பத்துப் பேருக்கு மேல போனா குறூப் பெர்மிட் வேணும். இல்லாட்டி கரையில வச்சே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். எனக்கு ஒபீசுக்குள்ள ஆள் இருக்கு. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.”

நான் ஏன் நம்பினேன் என்று பிறகு பல இரவுகள் யோசித்தேன். வேறு ஊரில் யாரும் இதைச் சொன்னால் “பெர்மிட்டா, எதுக்கு?” என்று கேட்டிருப்பார்கள். திருகோணமலைச் சனத்துக்கு அந்தக் கேள்வி வாயில் வராது. யுத்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ் எடுத்தவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, மறுபக்கம் போய் பஸ் ஏறியவர்கள். இப்போதும் இந்தப் பட்டினத்தில் கடற்படை, விமானப்படை, இராணுவம் என்று மூவருக்கும் வேலிகள் இருக்கின்றன. எந்த இடத்துக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் யாரிடமோ கேட்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்பி பிழைப்பு நடத்துவது அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று, அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. புறாமலை 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் காலடி வைக்கக்கூடாது என்பது 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் உள்ளதுதான். ஆக பெர்மிட் வேண்டும் என்பது உண்மை. அது எங்கே கிடைக்கும், யார் தருவார் என்பதில்தான் பொய்.

காசு கொடுத்து மூன்றாம் நாள் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கணக்குப் பிரிவில் 29 வருசம் இருந்தவள்.

மேலே அரச இலச்சினை. பிரதியெடுத்துப் பிரதியெடுத்துச் சிங்கம் கரிக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பெயர் மூன்று மொழியிலும். தமிழில் ‘வனசீவராசிகல்’. ள வர வேண்டிய இடத்தில் ல. அதைப் பார்த்தே பிடித்திருக்கலாம் என்பீர்கள். நானும் பார்த்தேன். ஆனால் அரச அலுவலகப் பலகைகளில் தமிழ்ப் பிழை எங்களுக்குப் புதிதா? பிழையோடு இருந்ததால் உண்மையான கடிதம் என்றே நினைத்தேன், பகிடி இல்லை. கீழே ஊதா நிறத்தில் ஒரு முத்திரை, அதன் மேல் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. ‘38 பேர் அடங்கிய குழுவினர் தீவிற்குச் செல்லவும், கடற்கரையில் ஒலிபெருக்கியுடன் விளையாட்டு நிகழ்வு நடத்தவும் அனுமதி வழங்கப்படுகிறது.’

இலக்கம் எங்கே? கோவை இலக்கம் ஒன்றும் இல்லை. காசுக்குப் பற்றுச்சீட்டு எங்கே? கேட்டேன். “அது ஒபீசில வைப்பினம் அன்ரி” என்றார். அரச திணைக்களம் ஒன்று காசு வாங்கினால் இலக்கமிட்ட ரிக்கற் தர வேண்டும், இல்லாவிட்டால் பொது 172 பற்றுச்சீட்டு எழுதித் தர வேண்டும். எத்தனை ஆயிரம் பொது 172 இந்தக் கையால் எழுதியிருப்பேன்! பேரப்பிள்ளைக்கு நீச்சல் உடுப்பு வாங்கும் அவசரத்தில் அதையும் விட்டுவிட்டேன்.

சரி, அந்தச் சனிக்கிழமை. வாடகை பஸ்ஸில் உப்புவெளி, சாம்பல்தீவுப் பாலம் எல்லாம் தாண்டிப் பாட்டும் கூத்துமாக நிலாவெளிக்குப் போய் இறங்கினோம். தம்பி வரவில்லை. ஒரு பெடியனை அனுப்பியிருந்தார். அவன் எங்களை வரிசையில் நிற்கவைத்து, கடிதத்தை என் கையில் பிடிக்கச்சொல்லி, ஒபீசுக்குக் காட்ட என்று ஒரு படம் எடுத்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்தான்.

ரிக்கற் கொடுக்கும் இடத்தில் இருந்த உத்தியோகத்தர் கடிதத்தை வாங்கி வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டு, எங்கள் வரிசையை எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிக்கும்வரை எனக்கு விளங்கவில்லை.

“அம்மா, இதை நாங்க குடுக்கல்ல. இங்க எடுக்கிற ரிக்கற்தான் பெர்மிட். வேற பெர்மிட் எண்டு ஒண்டும் இல்ல.”

ஆளுக்கு நுழைவுக் கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதற்கு மேல் வரி. அவ்வளவுதான். படகுக் காசு தனி, அது படகுக்காரருக்கு. எங்களுக்குப் படகு பதிந்திருப்பதாகத் தம்பி சொன்னதும் பொய். ‘கடற்கரையில் ஒலிபெருக்கி’ என்ற வரியைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். கரையில் போட்டி வைப்பதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, மைக் போடுவதென்றால் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும் என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு சிறுவர்கள் அழத் தொடங்கியதைப் பார்த்து, தானே போய்ப் படகுக்காரரிடம் கதைத்து விட்டார்.

திரும்பவும் எல்லோருக்கும் காசு கட்ட வழியில்லை. பஸ் காசு ஒதுக்கிவிட்டுக் கையில் மிஞ்சியதைக் கூட்டிப் பார்த்தால் 19 பேருக்குத்தான் வந்தது. பிள்ளைகளையும் அவர்களோடு சில பெரியவர்களையும் அனுப்பினோம். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான், ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். நாங்கள் மிச்சப் பேர் மர நிழலில் இருந்து, கட்டிக்கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். முழங்கால் நோவோடு இதற்காகவே வந்திருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், “பரவாயில்லை, நான் சின்னனில பாத்தனான்” என்று எனக்காகச் சொன்னார். அவர் வளர்ந்தது மலையகத்தில். அந்தப் பொய்தான் எனக்கு 28,500ஐ விடக் கூடுதலாகச் சுட்டது.

திரும்பி வந்த பிள்ளைகளுக்குக் கவலை ஒன்றும் இல்லை. முருகைக் கற்களுக்குள் சின்னச் சுறா பார்த்தார்களாம், புறா பார்த்தார்களாம். மைக் இல்லாமல் ஓட்டப்போட்டியும் நடந்தது.

அடுத்த கிழமை தொலைபேசி எடுத்தால் ‘திங்கட்கிழமை தாறன்’. திங்கட்கிழமை எடுத்தால் ‘அம்மா ஆஸ்பத்திரியில’. மூன்று திங்கட்கிழமைக்குப் பிறகு ஈசி காஷில் 8,000 ரூபாய் வந்தது. அத்தோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். மிச்சம் 20,500 இன்னும் வரவில்லை. கடிதத்தின் பிரதியோடு பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

அந்தக் கோபத்தில் நானே ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கி விசாரித்தேன். கடற்கரையிலோ பொது மைதானத்திலோ கூட்டமாக ஏதாவது நடத்துவதென்றால் அந்தப் பகுதி உள்ளூராட்சி சபைக்கு ஒரு கடிதம். நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச சபை, உப்புவெளி என்றால் பட்டணமும் சூழலும் பிரதேச சபை, பட்டினத்துக்குள் என்றால் மாநகர சபை. கட்டணம் இருந்தால் அங்கேயே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கலாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையம். ஒதுக்குக் காட்டுக்குள் நடக்கப் போவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். அது புறாமலையைப் பார்க்கும் வனசீவராசிகள் திணைக்களம் இல்லை, இரண்டும் வேறு வேறு. இத்தனைக்கும் ஒரே கடிதம் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதிலேயே விளங்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டை வாசலால் எத்தனை கூட்டம் தினமும் நடக்கிறது, மான்களுக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்கிறது! அங்கே யாராவது குழுப் பெர்மிட் கேட்கிறார்களா?

புறாமலைக்குப் போகிறவர்கள் ஐப்பசிக்கு முன் போய்விடுங்கள். வாடைக்காற்றுத் தொடங்கினால் கடல் விடாது. பிளாஸ்ரிக் போத்தல், பை எதுவும் கொண்டுபோக வேண்டாம். அப்புறம், கரைக்குப் போய் நீங்களே வரிசையில் நின்று ரிக்கற் எடுங்கள்.

இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இதை இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று என் மருமகள் வட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ‘புறாமலைக் குழுப் பெர்மிட் ஏற்பாடு செய்து தரப்படும், நம்பிக்கையான சேவை.’ இலக்கம் புதிது. கீழே ஒரு படம், நிலாவெளிக் கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு கூட்டம். முன்வரிசையில் இடப்பக்கம் மூன்றாவதாக, கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.