டயர்க் கடையில் முடிவான கணக்கு: ஜிடி86, டைப் ஆர், எம்எக்ஸ்-5

நெகிரி செம்பிலானில் இருக்கிற எங்கள் ஊர் பகாவிலிருந்து செப்பாங் கார்ப் பந்தய ஓடுதளம் நூறு கிலோமீட்டருக்கு மேல். வேலைக்கும் பாசாருக்கும் எந்தக் கார் போகிறதோ, அதே கார்தான் மாதம் ஒருமுறை ஓடுதளத்துக்கும் போயாக வேண்டும். இரண்டாவது காருக்கு வசதி இல்லை. இந்தக் கணக்கோடு பழைய கார்களைத் தேடி எட்டு மாதம் அலைந்ததில் கடைசியாக மூன்று நின்றன: டொயோட்டா ஜிடி86, ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2, மஸ்டா எம்எக்ஸ்-5 என்டி. வாங்கியது ஜிடி86. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

ஒரு வேடிக்கை: மூன்றின் 2.0 இன்ஜினும் 1,998 சிசி. ரோட் டாக்ஸ் மூன்றுக்கும் ஒரே 379 வெள்ளி. அந்தச் சண்டை அதோடு முடிந்தது. குதிரைத்திறனில் டைப் ஆர் 225, ஜிடி86 200. என்டி முதலில் 160, பிறகு வந்த இன்ஜினில் 184. செப்பாங்கின் இரண்டு நீள நேர்ப்பாதையிலும் டைப் ஆர் நம்மை விட்டுப் போய்விடும், அதில் மறுபேச்சே இல்லை. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் அந்த இன்ஜின் கத்துவதைக் கேட்டால் கடன் வாங்கியாவது வாங்கிவிடத் தோன்றும்.

என்டியை நான் ஒரே ஒரு மத்தியானம்தான் ஓட்டினேன், அதுவும் புக்கிட் புத்துஸ் பழைய வளைவுப் பாதையில். ஓடுதளத்தில் தொட்டதில்லை, என் பேச்சைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு டன்னை ஒட்டித்தான். ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம், நினைத்தால் போதும். ஆனால் இரண்டே இருக்கை. தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "உங்கம்மாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா நான் பஸ்லயா வரணும்?" என்றார். அதோடு சரி.

டைப் ஆருக்கும் வீட்டில்தான் வினை. அதன் சஸ்பென்ஷன் ஓடுதளத்துக்கென்றே இறுக்கியது. பள்ளிக்கூடத்து முன்னால் போட்டிருக்கிற வேகத்தடையில் ஏறினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளும். செம்பனை லோரி போய்ப் போய்க் குழிவிழுந்த எங்கள் செம்மண் பாதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். முடிவு செய்தது டயர்.

செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, அதில் 10 வலப்பக்கம். கார் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் பாரம் இடது பக்கம் சாய்கிறது, இடது முன் டயர்தான் அடி வாங்குகிறது. டைப் ஆர் முன்சக்கர இழுவை. இழுப்பதும் முன் டயர், திருப்புவதும் அதுவே, பிரேக் பாரத்தில் பெரும்பங்கும் அதன் தலையில்தான். நண்பர் ஒருவரின் டைப் ஆரில் ஒரு நாள் ஓட்டம் முடிந்து பார்த்தபோது பின் டயர் புதுசு மாதிரி இருந்தது. இடது முன் டயரின் வெளித்தோள் மட்டும் ரப்பர் சுருள் சுருளாக உரிந்து கிடந்தது, கித்தா மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி.

ஜிடி86 பின்சக்கர இழுவை. தள்ளுகிற வேலையைப் பின் டயர் பார்த்துக்கொள்வதால் தேய்மானம் நாலுக்கும் ஓரளவு பங்காகிறது. இதிலும் இடது முன்தான் முதலில் போகும், ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை. நாலும் ஒரே அளவு, 215/45, 17 அங்குலம். இடது முன்னதை வலது பின்னுக்கு மாற்றிப்போட்டு இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம். (ஒரு திசையில் மட்டுமே சுற்றுகிற டயர் வாங்கினால் இந்த வித்தை பலிக்காது, பார்த்து வாங்குங்கள்.) 17 அங்குலம் குடும்பக் கார்களிலும் ஓடுகிற அளவு என்பதால் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. தொடக்க மாடல்களுக்குக் கம்பெனி போட்டு அனுப்பியதே பிரியஸ் காரில் ஓடுகிற டயர்தான்.

அதைவிடப் பெரிய விஷயம்: பின்சீட்டை மடக்கினால் நாலு வீலும் டயரோடு உள்ளே படுத்துக்கொள்ளும். சாதா டயரில் செப்பாங் போய், அங்கே ஜாக்கி போட்டு ஓடுதள டயரை மாட்டி, சாயங்காலம் திரும்ப மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். வரும்போது மழை பிடித்தாலும் பயமில்லை. எம்எக்ஸ்-5ன் பூட் 130 லிட்டர்; ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பொட்டலமும் வைக்கலாம்.

என் காரிலும் குறை இருக்கிறது. இன்ஜின் 4,000 சுற்றுப் பக்கத்தில் வரும்போது இழுவை திடீரென்று தொய்கிறது, லோரியை முந்தும்போது அது நன்றாகவே தெரியும். பின்சீட்டு மடக்குவதற்கு லாயக்கு, உட்காருவதற்கு இல்லை. அப்பா முன்னால், அம்மா பின்னால் குறுக்காக, நான் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு. ரோன்97 பெட்ரோல் ஊற்றுகிறேன், மாதக் கடைசியில் அது வலிக்கும். பிரேக் எண்ணெயை முதல் வேலையாக மாற்றினேன். புது டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்தபின் அதுவே 155க்கு இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதை எந்தக் காருக்கும் தள்ளிப்போட முடியாது. இன்னொன்று, சாதாரண இன்சூரன்ஸ் ஓடுதளத்தில் செல்லாது. சுவரில் முட்டினால் செலவு நம்முடையது.

விற்கும்போது டைப் ஆர்தான் நல்ல விலைக்குப் போகும் என்று நினைக்கிறேன். நான் இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை.

போன வாரம் டயர்க்கடைத் தவுக்கே என் இடது முன் டயரின் தோளை விரலால் தடவிப் பார்த்து, "இது எந்தத் தோட்டத்து ரோடு?" என்றார். செப்பாங் என்றேன். சிரித்துவிட்டு, வலது பின்னதைக் கழற்ற ஆளைக் கூப்பிட்டார்.