கச்சேரிக்கு எந்த பேஸ் கம்பி?

மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான். நிக்கல் ரவுண்ட்வூண்ட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வூண்ட், ஃப்ளாட்வூண்ட் மூன்றையும் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்திருக்கிறேன். ரவுண்ட்வூண்டில் மேலே சுற்றியிருக்கும் கம்பி உருண்டையாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும்; ஃப்ளாட்வூண்டில் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். கடையில் வாசித்துப் பார்த்து மயங்கி வாங்குகிற கம்பி மேடையில் அப்படியே கேட்காது. எந்த ஸ்பீக்கரில் வாசிக்கப்போகிறோமோ, அதைப் பார்த்துத்தான் கம்பி வாங்கவேண்டும்.

பேஸின் தடித்த கம்பியான ஈ கம்பியை விரல் வைக்காமல் திறந்து மீட்டினால், அதன் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ் சொச்சம். கல்யாண மண்டபத்தில் ஸ்டாண்டில் ஏற்றி வைக்கிற 12 அங்குல ஸ்பீக்கரில் அது அரைகுறையாகத்தான் வரும். பந்தி முடிந்து வந்து உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது 82, 123 என்று மேலே அடுக்கிக்கொண்டு போகும் துணை அதிர்வுகள். அதை வைத்து அடிச்சுருதியைக் காதே ஊகித்துக்கொள்கிறது. ஃப்ளாட்வூண்டில் இந்த மேல் அதிர்வுகள் குறைவு. பழைய ஃப்ளாட் கம்பியோடு அப்படியொரு மண்டபத்தில் வாசித்தால், பக்கத்தில் நிற்கும் டிரம்மருக்குக் கேட்கும், மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. அங்கே நிக்கல் ரவுண்ட்வூண்ட்தான் கைகொடுக்கும்.

ஆடி மாத அம்மன் கோவில் கச்சேரி என்றால் கதையே வேறு. திறந்த மைதானம், இருபுறமும் கீழ் ஸ்தாயிக்கென்றே வைக்கிற 18 அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர். கிக் டிரம்மும் டோலக்கின் இடந்தலையும் ஏற்கெனவே கீழ் ஸ்தாயியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். நீளமாக ஒலித்துக்கொண்டே இருக்கும் பேஸ் அதோடு சேர்ந்தால் எல்லாம் குழம்பிப்போகும். ஃப்ளாட்வூண்ட் ‘டும்’மென்று விழுந்து சீக்கிரம் அடங்கும், அடுத்த ஸ்வரத்துக்கு இடம் விடும். இன்னொரு லாபமும் உண்டு. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் வழுக்கி வழுக்கிப் போகும் இடங்கள் ஏராளம். அந்த வழுக்கலை வாயாலேயே பாடிக்காட்டும் ரசிகர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். ரவுண்ட்வூண்டில் விரல் இழுக்கும் கீச்சுச் சத்தம் அங்கே அசிங்கமாகக் கேட்கும்.

நான் போட்டிருக்கும் ஃப்ளாட், லா பெல்லா கம்பெனியின் 52–110 செட் (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரையிலான தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் பெயரில் வருவது. அவர் கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று சொல்வார்கள். இழுவிசை கனமானது. போட்டதும் கழுத்துக்குள் வளைவைத் தாங்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும், கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளத்தையும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். விரல் பழக நாளாகும். ஆனால் வியர்வைக்கு அசராது.

வியர்வை நம் ஊரில் சாதாரண விஷயமா? கடற்கரை ஊர்களில் புது ரவுண்ட்வூண்டின் பளபளப்பான சத்தம் சில கச்சேரிகளோடு போய்விடும். சுற்றுக்கம்பியின் இடுக்கில் அழுக்கும் எண்ணெயும் புகுந்துகொள்வதுதான் காரணம். வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். உறை பூசிய கம்பிகள் நீண்ட நாள் உழைக்கின்றன, ஆனால் விரல் படும் இடத்தில் உறை நார்நாராகப் பிரிந்து வருவது எனக்கு எரிச்சல்.

ஸ்டீல் ரவுண்ட்வூண்டுக்குத் தனி மவுசு உண்டு. 1960களில் ‘தி ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் ரோட்டோசவுண்ட் என்ற கம்பிக் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய அந்த உறுமல், கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப்புக்கும், பிளாஸ்டிக் பிக்கால் மீட்டுவதற்கும் அருமை. கழுத்தில் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டைத் தேய்க்கும் என்பதால் நான் எப்போதாவதுதான் போடுகிறேன்.

எந்தக் கம்பி போட்டாலும் மிக்சரில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. “தம்பி, பேஸ் பத்தல” என்று சொல்லிக்கொண்டே மிக்சரில் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் அண்ணன் 60 ஹெர்ட்ஸைத் தூக்குவார். “அண்ணே, லோவ விடுங்க, மிட் கொஞ்சம் குடுங்க” என்பேன். 250 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் கொஞ்சம் ஏற்றினாலே ஸ்வரம் தெளிவாகிவிடும், சத்தத்தைக் கூட்டவே வேண்டாம்.

ஒரே ஒரு பேஸ்தான் கையில் இருக்கிறது என்றால் 45–105 நிக்கல் ரவுண்ட்வூண்ட் வாங்குங்கள். அதையும் கச்சேரி அன்று புதிதாகப் போடாதீர்கள். ஒரு வாரம் ஒத்திகையில் வாசித்து மேல் பளபளப்பு அடங்கியபின் மேடைக்குக் கொண்டுபோனால் மண்டபத்துக்கும் ஆகும், மைதானத்துக்கும் ஆகும்.