சொந்தக் குதிரையா, சீட்டுக் குதிரையா? நம் பிள்ளைகளுக்கு எந்த டிரெஸ்ஸாஜ் போட்டி ஒத்துவரும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்கு கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பினால், அரியாங்குப்பத்தில் வண்டிகள் சேர்வதற்குள் புதுச்சேரியைத் தாண்டி, ஆறு மணிக்கு ஆரோவில் பக்கத்துச் செம்மண் தடத்தில் இருக்கிற லாயத்துக்குப் போய்விடலாம். மூன்று வருடமாக எங்கள் ஞாயிறு இப்படித்தான் விடிகிறது. மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவளோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே டிரெஸ்ஸாஜ் பழகுகிறார்கள். ஒருவருக்கும் சொந்தக் குதிரை கிடையாது. லாயத்தில் இருப்பதே ஏழு குதிரைகள்தான்.

இந்தப் பிள்ளைகளை எந்த மாதிரிப் போட்டிக்குத் தயார் செய்வது என்று போன மாதம் பெற்றோர்கள் உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கொரு யோசனை. அன்றைக்கு முடிவு எட்டவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையையும் தேடிப் படித்து, பயிற்சியாளரிடமும் கேட்டு, எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

டிரெஸ்ஸாஜ் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் தாண்டுவதற்குத் தடை கிடையாது, ஓட்டப் பந்தயமும் இல்லை. 20 மீட்டர் அகலம், 40 அல்லது 60 மீட்டர் நீளம் உள்ள ஒரு செவ்வகம். அதன் ஓரத்தில் எழுத்துகள் வைத்திருப்பார்கள். ஏ என்ற இடத்தில் உள்ளே வந்து, நடுவில் எக்ஸில் நின்று வணக்கம் சொல்லி, முன்பே குறித்துக் கொடுத்த வரிசைப்படி நடை, டிராட் என்கிற துள்ளுநடை, கேண்டர் என்கிற மெதுவான பாய்ச்சல், வட்டம், நிறுத்தம் என்று செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போடுவார். கடைசியில் சதவீதம் வரும். பரதம் கற்கும் பிள்ளைக்கு அடவு எப்படியோ, குதிரைக்கும் பிள்ளைக்கும் சேர்த்து இது அப்படி.

முதல் யோசனை எல்லோருக்கும் தெரிந்த வழிதான். தேசிய ஜூனியர் போட்டி. இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு நடத்துகிறது. வயதுவாரியாகப் பிரிவுகள் இருக்கும். உலகக் கூட்டமைப்பின் கணக்கில் 12 முதல் 14 வரை சில்ட்ரன், 14 முதல் 18 வரை ஜூனியர், 16 முதல் 21 வரை யங் ரைடர். தனிப் பதக்கமும் உண்டு, அணிப் பதக்கமும் உண்டு.

இந்த வழிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது ஹாங்சோ. சொல்லத்தான் வேண்டும். 2023 செப்டம்பரில் நடந்த ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வல்லா, ஹ்ருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கியபோது எங்கள் லாயத்தில் பிள்ளைகள் கத்திய கத்தலில் குதிரைகளே மிரண்டன. 1982 டெல்லிக்கு அப்புறம் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். நான்கு பேர் ஏறலாம், சிறந்த மூன்று மதிப்பெண் மட்டும் சேரும். அனுஷ் 71.088, ஹ்ருதய் 69.941, திவ்யகிருதி 68.176, கூட்டினால் 209.205. சுதிப்தியின் 66.706 கணக்கில் வரவில்லை, ஆனால் மேடையில் அவர் கழுத்திலும் தங்கம்தான். என் மகளுக்கு நால்வரில் பிடித்தவர் சுதிப்திதான். “அவங்க இருந்ததாலதாம்ப்பா மத்த மூணு பேரும் பயமில்லாம ஏறினாங்க” என்பாள். அணிப் போட்டி என்றால் என்ன என்று அவள் என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள். ஒலிம்பிக்கில் இப்போது அந்த வசதியும் கிடையாது. டோக்கியோ முதல் அணிக்கு மூன்றே பேர், மூவர் மதிப்பெண்ணும் சேரும். ஒருவர் சறுக்கினால் அணியே போயிற்று. பிள்ளைகளுக்கு நான்கில் மூன்று என்பதே சரி என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பழகியவர்கள். அனுஷ் கொல்கத்தாவிலிருந்து பதின்ம வயதிலேயே ஜெர்மனிக்குப் போய் ஹூபெர்டஸ் ஷ்மிட்டிடம் சேர்ந்தவர். அவர்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். அந்த வழியில் போக ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வசதி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், வெளியூர்ப் போட்டிக்கே வருவோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளை முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். நம் குதிரையை லாரியில் ஏற்றி அனுப்பக் கட்டுப்படியாகாது. அந்த ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் வாடகைக் குதிரைக்கு முன்பணம் கட்டியிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் குதிரை முன்னங்கால் நொண்டுகிறது. முந்தைய நாளே நொண்டியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. மாற்றுக் குதிரை இல்லை. வெள்ளை பிரீச்சஸ், கோட்டு, வலைபோட்டுக் கட்டிய கொண்டை, எல்லாம் போட்டுக்கொண்டு என் பெண் நாள் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தாள். முன்பணம் பாதி திரும்பி வந்தது. அவள் அழவில்லை. திரும்பி வரும்போது திண்டிவனம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைக்கு இந்த முறையில் எல்லாமே ஒரு குதிரையின் ஒரு காலில் நிற்கிறது. என் முதல் ஆட்சேபணை அதுதான்.

இரண்டாவது யோசனையை எங்கள் பயிற்சியாளர் சொன்னார். குதிரையைச் சீட்டுப் போட்டு எடுப்பது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கான டிரெஸ்ஸாஜ் சங்கப் போட்டிகள் இப்படித்தான் நடக்கின்றன. போட்டி நடத்துகிற இடமே குதிரைகளைத் தரும். வந்தவர்கள் சீட்டு எடுப்பார்கள். முன்பின் பார்த்திராத குதிரையோடு பத்து நிமிடம் பழகலாம், அப்புறம் உள்ளே போய்விட வேண்டும். ஓர் அணியில் நான்கு பேர், நால்வரும் வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள். அதாவது புதிதாக வந்தவரின் மதிப்பெண்ணுக்கும் அணியில் இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே போல் 2002-லிருந்து ஒரு சங்கம் இயங்குகிறது.

இதைக் கேட்டதும் ஒரு தகப்பனார் உடனே டோக்கியோவைச் சொன்னார். நியாயமான கேள்விதான். ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்து நடத்தும் நவீன பென்டத்லானில் அப்போது தடை தாண்டுவதற்கான குதிரை சீட்டில்தான் வந்தது. அங்கே ஜெர்மனி வீராங்கனைக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை, அதற்கு முன் ஏறியவரிடமே முரண்டு பிடித்திருந்தது. அவரிடமும் தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையைப் பயன்படுத்தியதையும், பயிற்சியாளர் வேலிக்கு வெளியிலிருந்து குதிரையைக் குத்தியதையும் உலகமே பார்த்தது. பயிற்சியாளரை வெளியேற்றினார்கள். கடைசியில் பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அங்கே தவறு சீட்டில் மட்டும் இல்லை என்பது என் வாதம். ஒலிம்பிக் தடைகளை அறிமுகமில்லாத குதிரையில் தாண்டச் சொன்னார்கள். முன்பு ஏறியவரிடமே மிரண்ட குதிரையை மறுபடியும் களத்தில் இறக்கினார்கள். நாம் தாண்டவே போவதில்லை. நடை, டிராட், கொஞ்சம் கேண்டர், அவ்வளவுதான். முதல் சுற்றில் ஒரு குதிரை சங்கடப்பட்டால் அதை அவிழ்த்துவிட்டு, சீட்டில் சேர்க்காமல் ஓய்வில் வைத்திருக்கிற ஏழாவது குதிரையைக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஜனவரியில் எங்களுக்குள்ளேயே ஒரு தடவை செய்து பார்த்தோம். எவர்சில்வர் டம்ளரில் ஆறு சீட்டு. என் மகளுக்கு வந்தது ஒரு கிழட்டுச் செம்மண் நிறப் பெண்குதிரை. அதன் மேல் எப்போதும் ஏறுகிற பையன் எதிர் அணியில். பத்து நிமிடப் பழக்கத்தின்போது குதிரை ஒவ்வொரு சுற்றிலும் கே என்ற எழுத்தருகே வந்ததும் உள்பக்கம் சாய்ந்தது. இவள் லகானைப் பிடித்து இழுக்க, அது தலையைத் தூக்க, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அந்தப் பையன் வேலிக்கு வந்து, “லகானை விடு, அந்தப் பக்கம்தான் கொள்ளு ஊறப்போடற பக்கெட் இருக்கு, அது வாசனைக்குப் பார்க்குது, உள்காலை மட்டும் லேசா வை” என்றான். எதிர் அணிப் பையன், கேட்காமலே வந்து சொன்னான். அடுத்த சுற்றில் குதிரை ஓரத்தோடு போனது. மகளுக்குக் கிடைத்தது 58 சதவீதம். அவள் வழக்கமான குதிரையில் 63 வாங்குவாள். அன்றைக்கு வீடு வரும்வரை அந்தப் பெண்குதிரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

சீட்டு முறையில் அதிர்ஷ்டம் கலக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதைக் குறைக்கவும் வழி உண்டு. ஒரே குதிரையில் ஏறியவர்களை மட்டும் ஒருவரோடொருவர் ஒப்பிடலாம். உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளின் ஜம்பிங் இறுதியில் 2014 வரை நான்கு பேர் ஒருவர் குதிரையில் மற்றவர் ஏறித்தான் வென்றார்கள்.

மூன்றாவது முறைதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கம். 1988 ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட லெண்டன் கிரே என்ற அமெரிக்கர் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த டிரெஸ்ஸாஜ் விழா. அதில் குதிரை மேல் செய்துகாட்டினால் மட்டும் போதாது. எழுத்துத் தேர்வும் உண்டு. குதிரையின் உடம்பு, தீவனம், நோய், சேணம் என்று வயதுக்கேற்ற கேள்விகள். மேலே உட்காரும் முறைக்குத் தனியாக இன்னொரு தேர்வு. எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. நம் பிள்ளைகளுக்குத் தேர்வு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வயிற்று வலி வந்த குதிரை எப்படி நிற்கும், எப்படித் தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும் என்று பத்து வயதுப் பிள்ளை அறிந்திருந்தால், நம் ஊர் வெயிலில் ஒரு குதிரையின் உயிரே மிஞ்சும். கேள்வித்தாளைத் தமிழில் வைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன். அங்கவடி, கடிவாளம், லாடம், பிடரி, கொள்ளு, நமக்குச் சொல்லா இல்லை? ஊருக்கு ஊர் அய்யனாருக்குச் சுடுமண் குதிரை செய்து நிறுத்திய மண் இது.

நாலாவது, போனி கிளப் முறை. 1929-ல் பிரிட்டனில் தொடங்கியது, அமெரிக்காவுக்கு 1954-ல் வந்தது. அமெரிக்க போனி கிளப் அணிப் போட்டிகளில் குதிரை ஏறாத ஒரு பிள்ளையும் அணியில் இருக்கும். லாய மேலாளர் என்று பெயர். தண்ணீர், தீவனம், சேணம் துடைப்பது, நேரத்துக்கு ஆளைத் தயார் செய்வது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. லாயத்தின் சுத்தத்துக்கும் நடுவர் மதிப்பெண் போடுவார். போட்டி நேரத்தில் பெற்றோரும் பயிற்சியாளரும் லாயத்துக்குள் போய் உதவக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. போன வாரம்வரை மகள் ஏறும் குதிரைக்குச் சேணத்தைக் கட்டும் வயிற்றுவாரை நான்தான் இறுக்கிக் கொண்டிருந்தேன்.

முழு போனி கிளப் முறையை இங்கே கொண்டுவர முடியாது. படிப்படியான தகுதித் தேர்வுகள், கிளைகள், பயிற்சி பெற்ற நடுவர்கள் என்று பெரிய அமைப்பு அது. ஆனால் லாய மேலாளர் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் லாயத்தில் ஒரு பையனுக்கு ஏறப் பயம், குதிரையை விட்டு வீட்டுக்குப் போகவும் மனமில்லை. குளம்பு சுரண்டுவதில் குதிரைக்கார அண்ணனுக்கு அடுத்து அவன்தான். அவனுக்கு இதுவரை எந்தப் போட்டியிலும் இடம் இருந்ததில்லை.

வீடியோ எடுத்து அனுப்பி மதிப்பெண் வாங்கும் போட்டிகளையும் ஒருவர் சொன்னார். செலவு குறைவு, பயிற்சிக்குப் பரவாயில்லை. ஆனால் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இல்லாமல் அணி எப்படி அமையும்? அதைவிட, உலகக் கூட்டமைப்பின் டிரெஸ்ஸாஜ் வேர்ல்டு சேலஞ்ச் நல்லது. நடுவர்கள் நாடு நாடாக வருவார்கள், பிள்ளைகள் உள்ளூரிலேயே ஏறலாம். இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம்.

ஆரோவில்லில் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் பல ஆண்டுகளாகக் குதிரையேற்றப் போட்டி நடத்துகிறது. வெளியூர்ப் பிள்ளைகளும் வந்து கலந்துகொள்வார்கள். அங்கே போய் ஒருநாள் முழுக்கப் பார்க்க வைப்பது இந்த வருடமே செய்யக்கூடியது. தேசிய ஜூனியருக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீட்டுக் குதிரையில் நாலைந்து தடவை 60-ஐத் தாண்டிய பிள்ளை கேட்டால், எல்லோரும் பணம் போட்டு அனுப்புவோம். வாடகைக் குதிரையை இரண்டு நாள் முன்னதாகவே நம் ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆக என் ஓட்டு: சீட்டுக் குதிரை, தமிழில் எழுத்துத் தேர்வு, அணிக்கு ஒரு லாய மேலாளர். கணக்கும் போட்டுப் பார்த்தேன். அணிக்கு நாலு பேர், மூன்று அணி, பன்னிரண்டு ஏற்றம். ஆறு குதிரை, ஒவ்வொன்றும் இரண்டே தடவை, ஏழாவது ஓய்வில் தயாராக நிற்கும். ஒரு பிள்ளை உள்ளே இருக்கும்போது அடுத்த பிள்ளை வெளியே பழகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்றால் இரண்டு மணி நேரம். பிப்ரவரியில் ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டரைக்கு குதிரைகள் நிழலுக்குப் போய்விடும். மார்ச் தாண்டினால் இதை வைக்கவே கூடாது.

40 மீட்டர் களத்துக்கு ஓரத்தில் எட்டு எழுத்து போதும். வீட்டில் வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயின்ட் பக்கெட்டுகள் எட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று மகள் கறுப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கொள்ளுப் பக்கெட்டைக் கே பக்கத்திலிருந்து நகர்த்தி வைக்கச் சொல்லி குதிரைக்கார அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டாளாம்.