பாக்கின் செல்லோ தொகுப்புகள்: யார் வாசித்ததைக் கேட்பது?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், செல்லோவுக்காக (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய வாத்தியம்) எழுதிய ஆறு தொகுப்புகளைக் கேட்க ஆசைப்படுகிறவரிடம் "கசால்ஸில் ஆரம்பியுங்கள்" என்றுதான் பலரும் சொல்வார்கள், அந்தக் காலத்துச் செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸின் பழைய பதிவை மனதில் வைத்து. நான் சொல்ல மாட்டேன். அப்படி யாரோ சொன்னதைக் கேட்டு ஆரம்பித்து, பதிவின் இரைச்சல் தாங்காமல் பாக்கையே சில வருஷம் ஒதுக்கி வைத்தவன் நான். (ஸ்வீட் என்பதுதான் இந்தத் தொகுப்புகளின் பெயர். தமிழில் எழுதினால் மிட்டாய் ஞாபகம் வருவதால் தொகுப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.)

ஒவ்வொரு தொகுப்பிலும் ஆறு பகுதிகள். முதலில் ஒரு முன்னிசை, மற்ற ஐந்தும் நடனங்கள். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் செல்லோ மட்டும் ஒலிக்கும். பாக் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல் இருக்கிறது. ஆனால் எந்த ஸ்வரங்களை ஒரே வில்லிழுப்பில் சேர்ப்பது என்பது அதில் பல இடங்களில் தெளிவாக இல்லை. வேகத்தைப் பற்றியும் அநேகமாகக் குறிப்பே கிடையாது. அதனால் நாலு பேர் வாசித்தால் நாலு விதமாகத்தான் இருக்கும்.

நான் முதலில் கையில் கொடுப்பது பியேர் ஃபூர்னியேவின் 1960ஆம் வருஷத்துப் பதிவு. சிறு வயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டதால் பியானோவை விட்டுச் செல்லோவுக்கு வந்தவர் அவர். முதல் தொகுப்பின் முன்னிசையை அவர் வாசிப்பதைக் கவனியுங்கள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஸ்வரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, இன்னொரு குரல் அரை அரைப் படியாக மேலே ஏறும். நாடகம் போட வசதியான இடம். ஃபூர்னியே அவசரமும் படுவதில்லை, அழுத்தவும் இல்லை. ஏறி முடித்து, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் கடைசி ஸ்வரக்கூட்டில் வந்து உட்காரும்போதுதான் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறோம் என்று நமக்கே உறைக்கும். குறை சொல்ல வேண்டுமென்றால், சில சமயம் ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறார்.

அந்தக் குறையே இல்லாதவர் ஆனர் பில்ஸ்மா. 1979இல் அவர் செய்த முதல் பதிவைச் சொல்கிறேன். மிருகக் குடலில் திரித்த தந்தி பூட்டிய பழைய பாணிச் செல்லோ, இன்றைய வழக்கத்தைவிட இறங்கிய சுருதி. வில்லை நீளமாக இழுக்காமல், வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிற மாதிரி வாசிக்கிறார். இதெல்லாம் நடனம் என்பது அவர் வாசிப்பில் காலுக்கே தெரிந்துவிடும். ஆறாவது தொகுப்பில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அது ஐந்து தந்தி வாத்தியத்துக்காக எழுதப்பட்டது. நாலு தந்தியில் வாசிக்கிறவர்கள் உச்சத்துக்கு ஏறி அங்கேயே மூச்சு முட்ட நின்றாக வேண்டும். பில்ஸ்மா ஐந்து தந்திச் சின்னச் செல்லோவை எடுத்துக்கொள்கிறார், சிரமமே தெரிவதில்லை. 1992இல் அவர் மறுபடியும் பதிவு செய்தார். அதிலும் சுவை உண்டு, ஆனால் எனக்கு முதலாவதுதான்.

ரோஸ்ட்ரோபோவிச் அறுபதைத் தாண்டிய பிறகுதான் ஆறையும் முழுசாகப் பதிவு செய்தார். 1991இல், பிரான்ஸில் வெஸலே என்ற ஊரின் பழைய தேவாலயத்தில். கல் கட்டடத்தின் எதிரொலி வேகமான நடனங்களில் ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. நடனத்துக்கு இவர் சரிப்பட மாட்டார் என்று எழுதி முடித்துவிடலாம், ஐந்தாம் தொகுப்பின் சரபாண்ட் என்ற மெதுவான நடனம் மட்டும் இல்லையென்றால். அதில் ஸ்வரக்கூட்டே கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமாக, ஒற்றைக் கோடாக, ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி போகும். மற்ற இடங்களில் தொந்தரவாக இருந்த அதே எதிரொலி, ஒரு ஸ்வரம் அடங்கும்வரை அடுத்ததை இங்கே காக்க வைக்கிறது.

யோ யோ மா 1983, 1997, 2018 என்று மூன்று முறை பதிவு செய்திருக்கிறார். மூன்றுமே சுத்தமான வாசிப்பு. ஒன்றுதான் வேண்டுமென்றால் கடைசி.

சரி, கசால்ஸ். பார்சிலோனாவின் ஒரு பழைய கடையில் 13 வயதில் இந்தத் தொகுப்புகளின் பிரதியைக் கண்டெடுத்தவர், ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தது அறுபதை ஒட்டிய வயதில், 1936க்கும் 1939க்கும் இடையே, லண்டனிலும் பாரிஸிலும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிஷச் சொச்சம்தான் அடங்கும். பிற்காலத்தைப் போல நாடாவை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. தப்பு வந்தால் விட்டுவிட வேண்டும், அல்லது அந்தப் பக்கத்தையே மறுபடி வாசிக்க வேண்டும். சுருதி அங்கங்கே நழுவும், ஆறாவது தொகுப்பில் மூச்சு வாங்கும். ஆனால் விரல் பலகையில் வந்து விழும் சத்தமும், வில் தந்தியைக் கடிக்கும் முதல் நொடியும் வேறு யாரிடமும் எனக்கு இப்படிக் கேட்டதில்லை.

ஃபூர்னியேவும் பில்ஸ்மாவும் பழகிய பிறகு இவரிடம் வாருங்கள். வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பதிவைப் பலர் பல காலத்தில் சுத்தம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். சிலவற்றில் இரைச்சலோடு சேர்த்து அந்த விரல் சத்தத்தையும் வில்லின் கடியையும் துடைத்துவிட்டார்கள். இரண்டு பதிப்பு கிடைத்தால், இரைச்சல் அதிகமாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.